கழுவுகிற தண்ணீர்

பூந்தி போடத் தெரிந்தவர்களுக்கு என் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கடலை மாவைக் கரைத்துக் கண் கரண்டியில் ஊற்றினால் அது சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விழுந்து உருண்டுகொள்கிறது அல்லவா? நாங்களும் அதைத்தான் செய்கிறோம். கடலை மாவுக்குப் பதிலாகக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பவுடரைக் கரைத்த கூழ். எண்ணெய்க்குப் பதிலாகக் கால்சியம் உப்பு கரைத்த தண்ணீர். அடுப்பே கிடையாது. கூழுக்குள் ஈஸ்ட் கலந்திருக்கும். சொட்டு தண்ணீரில் விழுந்த மாத்திரத்தில் இறுகி, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு முத்தாகிவிடும். உள்ளே இருக்கிற ஈஸ்ட் சாகாது, வெளியே வரவும் முடியாது. அந்த முத்துகளை ஆள் உயரக் குழாய் ஒன்றில் நிரப்பிச் சர்க்கரைக் கரைசலை மெதுவாக ஓடவிட்டால், ஈஸ்ட் அதை உள்ளே இழுத்துக்கொண்டு வேறோர் இனிப்பாக மாற்றி வெளியே விடும்.

ஈஸ்ட்டைச் சும்மா தொட்டியில் போட்டாலும் இதே வேலையைச் செய்யும்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதை வடிகட்டி எடுக்க வேண்டும், அடுத்த தடவைக்கு மறுபடி வளர்க்க வேண்டும். முத்துக்குள் பூட்டி வைத்துவிட்டால் அதே ஈஸ்ட்டை வாரக்கணக்கில் வேலை வாங்கலாம். சம்பளம் கேட்காது, லீவு கேட்காது. எங்கள் முதலாளிக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

திராட்சையிலும் முலாம்பழத்திலும் இயற்கையாகவே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற இனிப்புதான் அது. வாயில் போட்டால் இனிக்கும், கூடவே நாக்கில் லேசாக ஒரு ஜில்லிப்பு தட்டும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. உடம்புக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் அனுப்பிவிடும். இந்தச் சிறுநீர் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் இதை ஒப்பித்திருக்கிறேன். எனக்கே அது உறைத்தது மிகவும் பிந்தித்தான்.

எங்கள் யூனிட் வடசென்னையில், எர்ணாவூரில் இருக்கிறது. ஒரு பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை, இன்னொரு பக்கம் கன்டெய்னர் யார்டு. வெளியே நின்றால் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைத் தொழிற்சாலையின் நாற்றம் அடிக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் புளித்த தோசை மாவு வாசனை. அது என் துணியில், முடியில், ஹேண்ட்பேக்கில் எல்லாம் ஏறிவிடும். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுவார்.

"இன்னாமே, தோச சுட்டுக்கினு வரியா? சட்னி எங்க?"

அவர் டிரெய்லர் டிரைவர். யார்டிலிருந்து கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் போய் இறக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் துறைமுக கேட்டுக்கு வெளியே எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசை நகரும் என்று ஒருவரும் நம்புவதில்லை. நகர்ந்துவிட்டால் இடம் போய்விடும் என்று இறங்கித் தூரமாகப் போவதும் இல்லை. அதனால் டீ அவர்களைத் தேடி வரும். சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் வரிசை நெடுக வருவார். என் வீட்டுக்காரருக்கு அவர் தோஸ்து. லாரி ஜன்னலிலிருந்து ஒரு கை நீளும், பேப்பர் கப் மேலே போகும். எல்லோருக்கும் ஊற்றுகிற டீயே பாகு மாதிரிதான் இருக்கும், இவருக்கு மட்டும் அதன்மேல் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை.

நான் ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிற வழியும் அதுதான். சில நாள் வரிசையில் அவர் வண்டியைப் பார்த்துவிடுவேன். இறங்கிப்போய் டயரைத் தட்டுவேன். மேலே இருந்து எட்டிப் பார்த்து, ஏதோ வெளியூரில் சந்தித்துக்கொண்ட மாதிரி சிரிப்பார். கையில் டீ இருக்கும். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பார். ஒரு வாய் குடித்ததும் பல் கூசும்.

"இத்த குட்ச்சா எறும்பு உன்ன தூக்கிக்கினு பூடும்யா" என்பேன்.

"இது இல்லன்னா இந்த க்யூல எவன் குந்துவான்?" என்பார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மணிக்கணக்கில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு வேறு என்ன இருக்கிறது? பீடி இல்லை, குடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திருவொற்றியூர்க் கரையில் கொட்டி வைத்திருக்கிற கருங்கற்கள்மேல் நாங்கள் இரண்டு பேரும் போய் உட்காருவோம். அங்கேயும் டீதான். அலை கல்லில் மோதித் தண்ணீர் தெறிக்கும். கப்பைக் கையால் மூடிக்கொண்டு குடிப்போம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் காதல் என்று ஏதாவது நடந்திருந்தால் அது அந்தக் கற்கள்மேல்தான் நடந்தது.

டிரைவர்களுக்காக நடந்த கண் முகாம் ஒன்றில்தான் விஷயம் வெளியே வந்தது. கண்ணைப் பார்த்த டாக்டர், ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. எத்தனை காலமாக இருக்கிறதோ தெரியவில்லை என்றார். வீட்டுக்கு வந்து சீட்டைக் காட்டியபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. என்னிடம் எப்போதும் கோபம்தான் முந்திக்கொள்ளும்.

"சக்கரையே இல்லாத சக்கரைய ஒருத்தி நாளெல்லாம் நின்னு செஞ்சிக்கினு கீறா. அவ புருஷன் சக்கரைய அள்ளி அள்ளித் துன்னுக்கினு கீறான். வெளிய சொன்னா சிரிப்பாங்கய்யா" என்று கத்தினேன்.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த சக்கர எப்ப வரும்?"

"வந்துரும். இப்பதான் சின்ன கொயாயில ஓட்டிப் பாத்தோம். பெருசு வெச்சி ஓட்டணும். லேப்ல பாஸ் ஆவணும். அதுக்கப்பறம்தான் ஒருத்தரும் வாயில வெக்க முடியும்."

"அப்ப சரி. உன் சக்கர வர்ற வரிக்கும் நான் டீய தொட மாட்டேன். வந்ததும் மொதல் டீ உன் கையால."

சர்க்கரை போடாத டீ குடிக்கலாமே என்றேன். அது கஷாயம், அதைக் குடிக்க நான் என்ன பிள்ளை பெற்றவளா என்றார். மலைக்கு மாலை போடுகிறவர்களை இத்தனை வருஷம் கிண்டல் செய்த மனிதர், என் தொழிற்சாலைச் சரக்குக்காக விரதம் எடுத்துக்கொண்டார். மறுநாளே வரிசை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சைக்கிள் டீக்காரர் ஜன்னலுக்குக் கீழே நின்று, "இன்னா நைனா, பொண்டாட்டி சாமிக்கு மாலை போட்டுக்கினியா?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்? எத்தனை பேருக்கு அப்படி ஒரு புருஷன் வாய்ப்பான், தன் பெண்டாட்டி என்ன வேலை செய்கிறாள் என்பதையே தெரிந்துகொள்ளாதவர்கள் நிறைந்த ஊரில்? இவர் முத்து எப்படிச் சொட்டுகிறது, ஈஸ்ட் எப்படி மூச்சு விடுகிறது, இனிப்பு எப்படி நாக்கில் ஜில்லிடும் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். தினமும் கேட்பார், "இன்னா சொல்லுது உன் பூந்தி?"

சின்னக் குழாயில் எல்லாம் சரியாகவே நடந்தது. பெரிய குழாய் வந்து சேர்ந்தது. எங்கள் முதலாளி தெற்கத்திக்காரர், பரம்பரையாகக் கருப்பட்டி மண்டி வைத்திருந்த குடும்பம். அவர் வீட்டிலும் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு விற்றுத்தான் சாப்பிட்டோம், இனிப்பே எங்களைச் சாப்பிட்டுவிட்டது என்று அவர் சொல்வார். தொழில்நுட்பத்துக்குக் கோவைப் பக்கத்திலிருந்து ஒரு ஆலோசகரைப் பிடித்திருந்தார். எப்போதாவது நேரில் வருவார், மற்றபடி போனில்தான். தங்கமான மனிதர், தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பார்.

பெரிய குழாய்க்கான முத்துகளை நாங்கள் ஒரு வாரம் போலச் சொட்டி முடித்தோம். அவ்வளவு அழகான முத்துகளை நான் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெளுப்பு. விரலால் அமுக்கினால் அமுங்கி, விட்டதும் பழையபடி எழும்பும். அதுதான் நல்ல முத்துக்கு அடையாளம். குழாயில் நிரப்பியாயிற்று. அடுத்து என்ன என்று போன் போட்டபோது ஆலோசகர் சொன்னார்: "ராத்திரி பூரா தண்ணி ஓடவிட்டு நல்லாக் கழுவீருங்க. காலையில சர்க்கரைய விடலாமுங்க."

நல்லாக் கழுவிவிடுங்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வடசென்னையில் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. இரண்டு இருக்கிறது. குடிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர். லாரியில் வருவது குடிக்கவும் சமைக்கவும். போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், வருவது பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க, தரை கழுவ. கடல் பக்கத்திலேயே இருப்பதால் போர் தண்ணீர் உப்பு கரிக்கும், சோப்பு நுரைக்காது. எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு டிரம் இருக்கும், எது எது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். லாரித் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் அந்த வீட்டு மருமகளை அக்கம்பக்கம் சும்மா விடாது. நான் அப்படித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

யூனிட்டிலும் இரண்டு தண்ணீர்க் குழாய் இருந்தது, லாரித் தண்ணீருக்கு ஒன்று, போர் தண்ணீருக்கு ஒன்று. சின்னக் குழாயில் ஓட்டியபோது கை அளவு முத்துதான் என்பதால் லேபில் இருந்த கேன் தண்ணீரிலேயே அலசிவிட்டோம், அதனால் பிரச்சினை தெரியவில்லை. இப்போது ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓட வேண்டும். கழுவத்தானே? பம்ப் ஆபரேட்டர் கொருக்குப்பேட்டைக்காரர், பிறந்ததிலிருந்து இரண்டு டிரம் பார்த்தவர். அவர் போர் குழாயைத் திறந்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலாளியும் நின்றார். எங்கள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு அவர் லாரித் தண்ணீரைத் திறந்திருந்தால்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தியிருப்போம்.

முத்தைக் கட்டிப்போட்டிருப்பது கால்சியம். அது ஒவ்வொரு இழையையும் பக்கத்து இழையோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. உப்பு, அதாவது சோடியம், நிறைய வந்தால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முடிச்சுப் போடத் தெரியாது. இது பாடத்தில் உள்ளதுதான், நாங்கள் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பாடத்தில் உப்பு என்று எழுதியிருக்கிறதே தவிர, போர் தண்ணீர் என்று எழுதியில்லை.

காலையில் போனபோது குழாய்க்குக் கீழே வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது, வடித்த கஞ்சி மாதிரி. முத்துகள் ஊதிப் பெருத்து, குழைந்து, மேலே இருந்தவற்றின் பாரத்தில் கீழே இருந்தவை நசுங்கி அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து அமுக்கினேன். விரல் உள்ளே போனது, பள்ளம் அப்படியே நின்றது, எழும்பவில்லை. வாரக்கணக்கில் வேலை செய்ய வேண்டிய ஈஸ்ட் ஒரே ராத்திரியில் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளி கவிழ்த்துப் போட்ட டிரம் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். "எல்லாத்தையும் கூழாக்கிட்டியளே" என்றார். திட்டுகிற குரலே இல்லை அது.

ஆபரேட்டர் கையைப் பிசைந்தார். "சார், கய்வுறதுன்னா போர் தண்ணி தானே சார்?"

போன் போட்டோம். ஆலோசகருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் ஊரில் கிணற்றைத் தோண்டினாலும் குடிக்கலாம், குழாயைத் திறந்தாலும் குடிக்கலாம். நான் குடிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, உங்க ஊர்ல மொத்தம் எத்தன தண்ணிங்க?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

யாரைக் குறை சொல்வது? பலமுறை யோசித்துவிட்டேன். குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒருவரும் சிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம ஏரியா தண்ணி நம்ம சொக்காவையே கியிச்சிடும், உன் பூந்திய உடுமா? உடு, இன்னொருக்கா சொட்டு."

"அதுக்கு மாசக்கணக்குல ஆவும்யா. நீ அது வரிக்கும் சக்கர போடாத டீயாவது குடி."

"இம்மா நாளு இருந்துட்டேன். பாதில உட்டா கேவலம்."

நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் நாக்கு நன்றாக இருந்தது. சர்க்கரையே போடாத டீயாக இருந்தாலும் அதில் தேயிலை இருந்திருக்கும், பால் இருந்திருக்கும், இஞ்சி இருந்திருக்கும். அதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கருங்கற்கள்மேல் உட்கார்ந்து நாங்கள் அதைக் குடித்திருக்கலாம். விரதத்தில் இருக்கிறவரை டீக்கடை வாசனை அடிக்கிற இடத்துக்கு அழைத்துப் போவானேன் என்று ஞாயிற்றுக்கிழமை கடற்கரையையே குறைத்துக்கொண்டோம். பிறகு நிறுத்தியே விட்டோம். சர்க்கரை வந்ததும் சேர்த்து வைத்துப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். எதையாவது சேர்த்து வைத்து வாழ முடியும் என்று எப்படித்தான் நினைத்தேனோ.

யூனிட்டில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. நல்லவேளையாகத் தாய் ஈஸ்ட் ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது. குழாயைப் பிரித்துச் சுரண்டினோம். கடற்பாசிப் பவுடர் வர நாளாயிற்று. லாரித் தண்ணீர்க் குழாய்க்கு ஆபரேட்டர் தானே நீலப் பெயின்ட் அடித்து, போர் குழாயின் திருகையே கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுபடி வளர்த்து, மறுபடி சொட்டி, மறுபடி நிரப்பினோம். லாரி வராத நாட்களில் வேலை நின்றது. யாரும் அவசரப்படவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் செருப்பு பிடிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். க்யூவில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வீங்கத்தான் செய்யும் என்று இருவருமே நினைத்தோம். ஒரு மாலை அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தேன். கட்டை விரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போனது. எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். முத்துகளில் பார்த்திருக்கிறேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சிறுநீரகம் இரண்டும் ஏற்கெனவே பெரும்பாலும் போய்விட்டன என்றார்கள். இது நேற்று இன்று வந்ததில்லை, கண்ணில் கோளாறு தெரிந்தபோதே இதுவும் தொடங்கியிருக்கும் என்றார்கள். டீயை விட்டதாலோ விடாததாலோ வந்ததில்லை என்று டாக்டர் எனக்காகவே இரண்டு தடவை சொன்னார். டயாலிசிஸ் தொடங்கியது. டிரெய்லரை விட்டாயிற்று. குடிக்கிற தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில், மாத்திரைக்கும் அதிலேயே. இரண்டு டிரம் தண்ணீர் நிற்கிற வீட்டில் ஒரு மனிதர் வாய் உலர்ந்து உட்கார்ந்திருப்பார்.

முதல் சில வாரங்கள் சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கிவிட்டார். "எத்த துன்னாலும் இரும்பு மாரி கீதுமே. சாத்தாங்காட்டு மார்க்கெட்டுக்குப் போயி கம்பிய நக்கினா மாரி" என்றார். அந்த வேதனையிலும் அப்படித்தான் பேச வந்தது அவருக்கு. டாக்டரிடம் கேட்டேன். இந்த வியாதியில் சிலருக்கு நாக்கு மாறிப்போகும், சிலருக்குத் திரும்பி வரும் என்றார். கொஞ்ச நாள் கழித்து நான் மறுபடி கேட்டபோது, "இப்ப பரவால்ல. சோக்கா துன்றேன் பாக்கறல்ல?" என்றார். தட்டும் காலியாகிக்கொண்டிருந்தது. நான் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்ததால் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் சர்க்கரை வந்தது.

இந்தத் தடவை முத்துகள் எதிர்பார்த்ததற்கு மேலேயே உழைத்தன. கரைசலைக் காய்ச்சி, குளிரவைத்து, படியவிட்டு எடுத்தபோது பளபளவென்று வெள்ளைப் படிகம். லேபில் பாஸ் ஆகிவிட்டது. முதலாளி எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தார். என் கையில் வைத்தபோது, "மொத டீ ஒங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா" என்றார். ஊருக்கே தெரிந்த விரதம் ஆயிற்றே. ஆபரேட்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று குழாயைத் திறந்த கையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க அதில் ஒன்றும் இல்லை என்று நான் எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஷேர் ஆட்டோவில் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது. உடம்பில் தங்காது, சிறுநீரில் போய்விடும். ஊருக்கெல்லாம் ஒப்பித்தேனே. இவருக்குச் சிறுநீரே சரியாக வருவதில்லையே. போகிற வழியே அடைத்துக்கொண்டு இருக்கிற மனிதருக்கு, போய்விடும் என்பதையே பெருமையாகச் சொல்லிச் செய்த சர்க்கரையைக் கொண்டுபோகிறேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரிகள் வழக்கம் போல் நின்றுகொண்டிருந்தன. அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணில் தூசியா என்று கேட்டு முந்தானையைக் கொடுத்தார்.

டாக்டரிடம் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வழக்கமா வேண்டாம்மா. ஆசைக்கு ஒரே ஒரு தடவை, அரை ஸ்பூன். டீயும் கால் டம்ளர்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. இஞ்சி தட்டிப் போட்டு டீ கொதிக்கவைத்தேன். அவருக்குக் கால் டம்ளர் என்றால் நான் மட்டும் நிறையக் குடிப்பது பார்க்க நன்றாக இருக்காது. அதனால் எனக்கும் கால் டம்ளர். ஒன்றில் அரை ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன். என்னுடையதில் ஒன்றும் போடவில்லை. அவர் டீயை விட்ட நாளிலிருந்து நானும் சர்க்கரையை விட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே லாரி வந்துவிட்டது. மாடி முழுக்கக் குடங்கள் உருளுகிற சத்தம். எதிர் வீட்டம்மா கதவைத் தட்டி, "தண்ணி வந்துக்கீதும்மா, ஓடியா" என்று கத்தினார். டம்ளர்களைத் தட்டு போட்டு மூடிவிட்டுக் குடத்தோடு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் தலையைச் சீவிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். சட்டைகூட மாற்றியிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. தட்டைத் திறந்து அவர் டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்தேன். என்னுடையதை எடுக்காமல் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து முகத்தையே பார்த்தேன்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

"இன்னாயா?"

"சோக்கா கீதுமே. மெய்யாலுமே சோக்கா கீது. சக்கர கரெக்டா கீது, கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"நாக்குல ஜில்லுனு கீதா?"

"ஆமா. நீ சொன்னல்ல, அதே மாரி ஜில்லுனு கீது. கட சக்கரைலாம் இதுக்கு முன்னால நிக்காது." அவர் சிரித்தார். "உன் பூந்தி பாஸு."

இத்தனை மாதமும் இதற்காகத்தான். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எழுந்துபோய் என் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து ஒரு வாய் குடித்தேன்.

இனித்தது. கூடவே நாக்கில் ஜில்லென்றது.

ஓடிப்போன அவசரத்தில் டம்ளரை மாற்றி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் குடித்தது என்னுடைய டீ. அதில் ஒரு துகள் சர்க்கரை கிடையாது. நாக்குத் திரும்பி வந்த மனிதன் என்றால் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்து, "கஷாயத்த குட்த்துட்டியேமே" என்று கத்தியிருப்பான். அவருக்கு நாக்கு திரும்பவே இல்லை. பரவாயில்லை என்றதும், தட்டைக் காலி செய்ததும், இப்போது கண்ணை மூடியதும் எல்லாம் எனக்காகத்தான்.

அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். க்யூவில் எங்கேயோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருக்கிற அந்த டீக்காரரைக் கூப்பிட்டு, சத்தமாக, நான் கேட்கட்டும் என்று பேசினார்.

"தோஸ்து, மாலைய கய்ட்டிட்டேன்டா. என் சம்சாரம் செஞ்ச சக்கர. உன் டீலாம் இனிமே எவன் குடிப்பான்? தேனு மாரி இனிக்குதுடா."

நான் சமையலறை வாசலில் நின்று அந்தக் கால் டம்ளரையும் குடித்து முடித்தேன். சர்க்கரை நன்றாகத்தான் வந்திருந்தது.